மண்தரையும் குழந்தைகளின் தேக சுகமும்

வீடு கட்டும்பொழுது கூரையையும் சுவரையும் பற்றிக் கவலை கொள்ளும் நாம், தரையைப் பற்றி அவ்வளவாகச் சிந்திப்பதில்லை. ஆயினும், தவழும் குழந்தை நாள் முழுதும் பழகுவது தரையோடுதான்.

மண்தரையைப் பெருக்கலாமேயன்றிக் கழுவ இயலாது. சிந்திய நீரும் சிறுநீரும் ஊறி அதில் ஈரம் தங்குகிறது. மலத்தோடு வெளிப்படும் நாக்குப்பூச்சியின் முட்டைகள் காலில் ஒட்டி வீட்டினுள் வந்து, அம்மண்ணில் நெடுநாள் உயிரோடிருக்கும். மண் படிந்த கையை வாயில் வைக்கும் குழந்தையின் குடலை அவை அடைகின்றன. கொக்கிப்புழுவின் குஞ்சுகளோ ஈரமண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்தே உட்புகும். முன்னது உணவைக் கவரும். பின்னது இரத்தத்தை உறிஞ்சிச் சோகையை உண்டாக்கும்.

இதற்குப் பரிகாரமாக மெக்சிக்கோ தேசத்துக் கோவாவீலா மாகாணத்தார் 2000-ம் வருஷத்தில் 'பீசோ ஃபிர்மே', அதாவது 'உறுதியான தரை' என்னும் திட்டத்தைத் தொடங்கினர். மண்தரை வீட்டில் வாழ்ந்த ஏழைக் குடும்பங்களுக்கு, 50 சதுர மீட்டர் வரையில் தரையிடுவதற்கான சிமெண்டுக் கலவை இலவசமாக அளிக்கப்பட்டது. அறையைக் காலி செய்து மட்டப்படுத்தி வைப்பதும், லாரியில் வந்த கலவையைப் பரப்புவதும் குடும்பத்தாரின் பொறுப்பு. வீடொன்றுக்கு ஆன செலவு சுமார் 150 அமெரிக்க டாலர்.

இதன் பலனை 2005-ல் ஆராய்ந்தனர். கோவாவீலாவைச் சேர்ந்த டோரியோன் நகரும், துராங்கோ மாகாணத்தைச் சேர்ந்த கோமஸ் பலாசியோ, லெர்தோ நகரங்களும் ஒன்றையொன்று ஒட்டியவை. துராங்கோவில் அப்பொழுது இத்திட்டம் நடைபெறாமையால், இருபுறத்து ஏழை வீடுகளையும் ஒப்பிட முடிந்தது. 2009-ல் வெளியான முடிவின்படி, மண்தரை முழுவதும் சிமெண்டுத் தரையாக மாறினால் குழந்தைகளின் குடற்புழு நோய் 78 சதவிகிதமும், பேதி 49 சதவிகிதமும், சோகை 81 சதவிகிதமும் குறையும். அக்குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும் மேம்பட்டனர். தாய்மார்களின் மனச்சோர்வும் தணிந்தது.

சிமெண்டு வாங்க வசதியில்லாதோர்க்கும் வழியுண்டு. ஆப்பிரிக்காவிலுள்ள ருவாண்டாவில், மண்ணை நன்கு திமிசு போட்டு இறுக்கி, உலர்ந்து கெட்டிப்படும் தாவர எண்ணெயை மேலே பூசி, கழுவத்தக்க தரை அமைக்கின்றனர்.

சிமெண்டுத் தரை இடுவோர் அடிமண்ணை நன்கு இறுக்கி, கழுவும் நீர் வடியச் சிறிது சாய்வு வைத்து, ஒரு வாரமேனும் ஈரம் காயாமல் காத்தல் வேண்டும். இன்றேல் தரை வெடிக்கும். தரை ஒன்றே போதும் என்பதன்று. கக்கூசும் கைகழுவும் வழக்கமும் உடன் வேண்டும்.

களஞ்சியத்துத் தானியத்தில் பங்கு கொள்ளும் எலியைக் குடியானவர் எவரும் பொறுப்பதில்லை. குழந்தையின் உணவில் பங்கு கொள்ளும் புழுவை மட்டும் பொறுத்தல் தகுமோ?