மீனுக்கு முன் பக்டீரியா

புது மீன்தொட்டி வாங்கிய அன்றே மீன்களை விட்டால், பல வீடுகளில் அவை சில நாட்களிலேயே செத்து மிதக்கின்றன. தண்ணீர் தெளிவாகத்தானே இருந்தது? ஆனால் கழிவிலிருந்து வரும் அமோனியா கண்ணுக்குத் தெரியாத நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுபவை நன்மை தரும் பக்டீரியாக்கள்.

டென்மார்க்கில் நாம் குடிப்பது நிலத்தடி நீர். நீர் நிலையங்களில் அதற்குக் காற்றூட்டி மணலில் வடிக்கும்போது, இவ்வகைப் பக்டீரியாக்களே அமோனியத்தை நீக்குகின்றன. பெரும்பாலும் குளோரின் சேர்ப்பதில்லை. ஆகவே வீட்டிலும் இவற்றை வளர்ப்பது எளிது.

தொட்டியை நிரப்பி, வடிகட்டியையும் ஹீட்டரையும் 25 பாகையில் இயக்குவோம். மீன் விடாமல், தினமும் சிறிது மீன் உணவு போடுவோம். அது அழுகி அமோனியா தரும். நண்பர் வீட்டு நோயற்ற தொட்டியின் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டை வடிகட்டிக்குள் வைத்தால் வேலை விரைவாகும். சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் ஏறி, மீண்டும் 0 ஆகும்வரை காத்திருப்போம். 4 முதல் 6 வாரங்கள் ஆகலாம். பின்பு ஓரிரு மீன்களை மட்டும் விடுவோம். ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுவோம்.

நம்மை நம்பி வரும் உயிருக்கு முதலில் வீட்டை ஆயத்தம் செய்வோம்.