கெடிலக்கரைக் கரும்பும் பெட்ரோல் பங்க்கும்

கெடில ஆற்றங்கரையில் உள்ள திருவந்திபுரம் தேவநாதப் பெருமாளைச் சேவிக்க வருகிறவர்கள், கரும்பு ஏற்றிய வண்டிகளையும் வழியில் பார்த்திருப்பார்கள். பக்கத்து நெல்லிக்குப்பத்தில் 1842 முதல் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை இருக்கிறது. அன்று சர்க்கரைக்காக நட்ட பயிர், இன்று பெட்ரோலிலும் கலக்கிறது. கரும்புச் சாற்றிலிருந்தும் கழிவுப்பாகிலிருந்தும் எடுக்கும் எத்தனால், 2014-இல் பெட்ரோலில் சுமார் ஒன்றரை சதவீதம்தான் இருந்தது. 2030-க்கு வைத்திருந்த 20 சதவீத இலக்கை 2025-லேயே தொட்டாயிற்று. மக்காச்சோளமும் அரிசியும்கூட இப்போது வடிசாலைக்குப் போகின்றன.

இதைச் சந்தையின் சாதனை என்று சொல்வது சரியல்ல. கரும்பு எத்தனாலுக்கு விலை வைப்பது மத்திய அரசு. வாங்குவது பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள். வடிசாலை கட்ட 2018 முதல் வட்டி மானியம் தருவதும் அரசுதான். சர்க்கரை குறையுமோ என்ற பயம் வந்ததும், 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றில் எத்தனால் எடுக்க ஒரே உத்தரவில் தடை போட்டார்கள். அடுத்த ஆண்டே நீக்கினார்கள்.

தாராளமயம் என்றால் அரசு விலகிக்கொள்வது என்று நினைக்கிறோம். கரும்பில் அது ஒரு பக்கம்தான் விலகியது. 1998-இல் ஆலைக்கு உரிமம் தேவையில்லை என்றானது. ரேஷனுக்குக் குறைந்த விலையில் தரவேண்டிய லெவி சர்க்கரை 2013-இல் போனது. விவசாயியோ தன் பகுதிக்கு ஒதுக்கிய ஆலையிலேயே பதிந்து, வெட்டு உத்தரவுக்குக் காத்திருக்கிறார். 14 நாளில் பணம் தராவிட்டால் 15 சதவீத வட்டி என்று 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்கிறது. அந்த வட்டியைக் கேட்டு வாங்குவதே தனிப் போராட்டம்.

அந்த ஆணையில் 1974-இல் சேர்த்த 5ஏ பிரிவு முக்கியமானது. ஆலைக்குக் கிடைக்கும் கூடுதல் லாபத்தில் விவசாயிக்குப் பங்கு உண்டு என்றது அது. 2009-இல் 'நியாயமான மற்றும் ஆதாய விலை' வந்தபோது அந்தப் பிரிவை நீக்கிவிட்டார்கள். எத்தனால் காலம் தொடங்கும் முன்பே பங்குக்கான கதவு அடைபட்டுவிட்டது! சர்க்கரையும் உபபொருள்களும் தரும் வருவாயில் 70 சதவீதத்தை விவசாயிக்குத் தரலாம் என்று 2012-இல் ரங்கராஜன் குழு சொன்னது. மாநிலம் அறிவித்துவந்த பரிந்துரை விலையைக் கைவிட்டு, 2018-இல் தமிழ்நாடும் வருவாய்ப் பங்கீட்டு முறைக்கு மாறியது.

ஆனாலும் 2024-25 பருவத்தின் கணக்கைப் பாருங்கள். சர்க்கரைக் கட்டுமானம் (பிழியும் கரும்பில் கிடைக்கும் சர்க்கரையின் அளவு) 9.5 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள ஆலைகளில் டன்னுக்கு மத்திய அரசின் விலை 3,151 ரூபாய். மாநில அரசு 349 ரூபாய் ஊக்கத்தொகை சேர்த்ததால்தான் 3,500 ஆனது. அந்த 349 ரூபாய் எத்தனால் விற்ற பணம் அல்ல, அரசுக் கஜானாவின் பணம். நீக்கிய 5ஏ பிரிவு எத்தனால் வருவாயையும் சேர்த்துத் திரும்ப வரவேண்டும். ஆலையின் எத்தனால் கணக்கை விவசாயி பார்க்கவும் வழி வேண்டும்.