குழாய் எந்த வழி போவது? வாதங்களைக் கிளை பிரித்துப் பார்க்கும் முறை

கொச்சியிலிருந்து பெங்களூருக்கு எரிவாயு கொண்டுபோக கெயில் நிறுவனம் திட்டமிட்ட குழாய், கோவை முதல் கிருஷ்ணகிரி வரை 7 மாவட்டங்களில் சுமார் 310 கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. சேலமும் நாமக்கல்லும் அதில் உண்டு. வயலில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகப் பதியுங்கள் என்றார்கள் விவசாயிகள். 2013 மார்ச்சில் தமிழக அரசும் அதையே சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும், 2016 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றமும் கெயிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன.

இந்த வழக்கில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடந்தன. குழாய் எந்த வழி போவது? இழப்பீடு எவ்வளவு? முடிவெடுக்கும் அதிகாரம் யாருக்கு? நீதிமன்றத்தில் மூன்றாவது கேள்வி பெரிதாகிவிட்டது. முதல் இரண்டைப் பற்றி விவசாயிகள் எழுப்பிய கேள்விகளும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும் மனுக்களிலும் கூட்டப் பேச்சுகளிலுமாகச் சிதறிப்போயின.

சிக்கலான பொதுப் பிரச்சினைகளுக்கென்றே ஹோர்ஸ்ட் ரிட்டலும் வெர்னர் குன்ஸும் 1970-இல் ஒரு முறையை எழுதினார்கள். முதலில் கேள்வி. அதன் கீழே நிலைப்பாடுகள். ஒவ்வொரு நிலைப்பாட்டின் கீழும் ஆதரவு, எதிர்ப்பு வாதங்கள். இன்று கியாலோ போன்ற இணையக் கருவிகள் ஏறத்தாழ இப்படித்தான் விவாதத்தைக் கிளை கிளையாகக் காட்டுகின்றன. ஒரே வாதத்தை நூறு பேர் சொன்னாலும் அது ஒரே இடத்தில் நிற்கும். பதில் வராத கிளை வெறுமையாகத் தெரியும். எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது அதுதான்.

சங்ககிரி வட்டத்தில் ஒருவர் நிலத்தில் குழாய் வருகிறது என்று வையுங்கள். இத்தகைய குழாய்களுக்கான 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலம் அவருடையதே. ஆனால் குழாய்க்காக எடுத்த பட்டையில் வீடு கட்டவோ, கிணறு வெட்டவோ, மரம் வைக்கவோ முடியாது. நிலத்தைக் குழாய்க்குப் பயன்படுத்தும் உரிமைக்குச் சட்டம் சொல்லும் ஈடு நிலமதிப்பில் 10 சதவீதம். "தென்னை போனால் வருமானத்துக்கு என்ன வழி?" என்று அவர் கேட்டால், அது இழப்பீட்டுக் கேள்வியின் கீழ் தனி வாதமாக நிற்கும். நெடுஞ்சாலை ஓரம் பாதுகாப்பானதல்ல என்று நிறுவனம் சொன்னால், அது முதல் கேள்விக்குரிய வாதம். தென்னைக் கேள்விக்கு அது பதிலாகாது என்பது பார்த்தவுடன் புரியும்.

எந்த வாதத்துக்கு எவ்வளவு எடை என்பதைக் கருவி சொல்லாது. அதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆட்சேபணைக்குச் சட்டம் தருவதோ 21 நாள். அறிவிக்கை வந்த வாரமே ஊர் கூடி, ஒரு பெரிய தாளில் தமிழிலேயே வரையத் தொடங்கலாம்; கணினியில் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். எழுதப் படிக்கத் தெரியாதவர் சொன்ன வாதத்தை, அவருக்கே வாசித்துக் காட்டி, ஆமாம் என்ற பிறகே சேர்க்க வேண்டும்.