வீடு விற்க மூன்று வருஷம் ஆச்சு!



போன மாதம் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, "மாமனார் வீட்டை விக்கப் போறோம். ரெண்டு மாசத்துல பணம் கைக்கு வந்துடும். அதை நம்பித்தான் பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபம் பேசியிருக்கோம்" என்று சொன்னார். எனக்குப் பகீரென்றது. எங்கள் கதையைச் சொன்னதும், முகூர்த்தத்தையே தள்ளி வைக்கப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். உங்களில் யாருக்காவது உதவுமே என்று இங்கேயும் எழுதுகிறேன்.

எனக்கு 38 வயது. பிளஸ் டூ வரை படித்தவள். சேலத்தில் வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். வீட்டுக்காரர் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை பார்க்கிறார். பிறந்த வீடு ஏற்காட்டில், சேர்வராயன் கோயிலுக்குப் போகிற ரோட்டோரம். காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த அப்பா, 1990-ல் 8 சென்ட் இடம் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய ஓட்டு வீடு. பின்னால் இரண்டு ஆரஞ்சு மரம், சில்வர் ஓக் மரத்தில் ஏற்றிவிட்ட மிளகுக் கொடி. வெயில் காலத்தில்கூடப் போர்வை இல்லாமல் படுக்க முடியாது.

அப்பா 2021 தை மாதம் காலமானார். அம்மா மலையில் தனியாக இருக்க, அண்ணன் சேலத்தில். அந்த ஆகஸ்ட்டில், "வித்துடலாம்" என்று அண்ணன் சொன்னார். எல்லோரும் தலையாட்டினோம். பத்திரம் பதிவானது 2024 ஆகஸ்ட்டில். சரியாக மூன்று வருஷம்! அத்தனை நாளும் எங்கே போச்சு என்று நானே ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதல் எட்டு மாதம் காகிதத்துக்கே போச்சு. கிரயப் பத்திரம் அப்பா பேரில் பத்திரமாக இருந்தது. ஆனால் பட்டாவில் இடத்தை விற்றவர் பேரே இருந்தது! முப்பது வருஷமாக யாரும் கவனிக்கவில்லை. பத்திரம் வேறு, பட்டா வேறு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல் என்று ஒவ்வொன்றுக்கும் மனு, ஒவ்வொன்றுக்கும் காத்திருப்பு. அண்ணனுக்கு லீவு கிடைக்காத நாளெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி இறங்கியது நான்தான்.

அடுத்த பதினோரு மாதத்தை விலை தின்றது. கொஞ்ச தூரத்தில் ஒரு பங்களா பெரிய தொகைக்குப் போனதாம். அதைக் கேட்டு அண்ணன் அறுபது லட்சம் என்று சொல்லிவிட்டார். கோடை விழா நேரத்தில் வந்து பார்த்தவர்கள் எல்லாம், "ஆஹா, என்ன காத்து! என்ன குளிர்!" என்று சொல்லி, காபி குடித்துவிட்டுப் போனார்கள். ஒருத்தரும் திரும்பி வரவில்லை. அடுத்தவன் வீடு என்ன விலைக்குப் போச்சு என்பதைக் காதால் கேட்டு நம்பக்கூடாது, சகோதரிகளே! அரசு வழிகாட்டி மதிப்பு என்ன, அக்கம்பக்கத்தில் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று விசாரிக்க வேண்டும். விலையைக் கூட்டி வைத்துக் காத்திருந்தால், "ரொம்ப நாளாப் போகாம கிடக்கு, என்னமோ வில்லங்கம் இருக்கு" என்று பேர் வந்துவிடும். எங்களுக்கு வந்தது.

2023 மார்ச்சில் நாற்பது லட்சத்துக்கு ஒருவர் ஒத்துக்கொண்டார். ஒரு லட்சம் முன்பணம், ஆறு மாதக் கெடு. கிரய ஒப்பந்தத்தையும் முறைப்படி பதிவு செய்தோம். அவர் வங்கிக் கடனை நம்பியிருந்தார். வங்கியில் வீட்டின் கட்டட அனுமதி வரைபடம் கேட்டார்கள். மலைப் பகுதியில் வீடு கட்டச் சமவெளியை விட விதிமுறைகள் அதிகம். எங்களிடம் பழைய வரி ரசீது இருந்தது, வரைபடம் இல்லை. கடன் கிடைக்கவில்லை, ஆறு மாதம் வீணாச்சு. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்றால், அண்ணன் அதைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்குச் செலவழித்திருந்தார். அண்ணியின் வளையல் அடகுக்குப் போச்சு. ஒப்பந்தத்தை ரத்து செய்து, அதையும் பதிவு செய்தோம்.

அதற்கப்புறம் எட்டு மாதம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

ஒரு நாள் வீடு பார்க்க வந்தவர்களோடு நானும் போயிருந்தேன். அவர்கள் கேட்காமலேயே அம்மா, "மழைக்கு இந்த மூலை ஒழுகும் சாமி. மார்கழியில சுவரெல்லாம் பூஞ்சை பூத்துக்கும்" என்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் போனதும் எனக்குக் கோபம். "ஏம்மா இப்படிப் பண்றே?" என்றேன்.

"ஒழுகுற வீட்டை நல்ல வீடுன்னு வித்தான்னு உங்கப்பனுக்குப் பேர் வரக் கூடாது கண்ணு" என்றார். பிறகு கொஞ்ச நேரம் கழித்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "வித்துட்டா நான் எங்க போறதுன்னு யாருமே கேக்கலியே" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வருஷத்துக்கு மேலாக விலை பேசினோம், பட்டா பேசினோம். இதை ஒருத்தரும் பேசவில்லை! இதற்கு முன் வந்தவர்களிடமும் அம்மா இதையேதான் சொல்லியிருப்பார்.

அந்தச் சமயத்தில் அண்ணன் என்னிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்டார். "உனக்குத்தான் நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சே. கையெழுத்துப் போட்டுட்டா நானே வித்துக்கறேன்" என்றார். "அண்ணனை விரோதிச்சுக்காதே" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். இரண்டு நாள் தூங்கவில்லை. அப்பா சுயமாகச் சம்பாதித்த வீடு, உயில் எழுதவில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. நான் எழுதிக் கொடுத்தால், மூன்றில் இரண்டு பங்கு அண்ணனுக்குப் போய்விடும். அடுத்ததாக அம்மாவிடமும் கையெழுத்துக் கேட்டால் அம்மாவின் கதி? அந்தப் பயத்தில்தான், "மாட்டேன் அண்ணா. மூணு பங்கும் மூணு பேர் கணக்குக்குத்தான் போகணும். அம்மா பங்கு அம்மா பேர்லதான் இருக்கணும்" என்றேன். என் குரல் நடுங்கியது. நான்கு மாதம் அண்ணன் என்னோடு பேசவில்லை. பொங்கல் சீர்கூட அண்ணிதான் கொண்டு வந்தார்.

கடைசியில் மனசு இறங்கியதும் அண்ணன்தான். சித்திரையில் வந்து, "அம்மாகிட்டயே கேப்போம்" என்றார். கேட்டோம். "பேரப் பிள்ளைங்களோட இருக்கேன். ஆனா என் பணம் என் பாஸ்புக்குல இருக்கணும்" என்றார் அம்மா. அவ்வளவுதான் விஷயம்!

அதன் பிறகு மூன்றே மாதம். ஈரோட்டிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி வந்தார்கள். ஒழுகும் மூலையை அம்மாவே காட்டினார். அதற்காக இரண்டு லட்சம் குறைத்து, 38 லட்சத்துக்கு முடிந்தது. அவர்கள் கடன் வாங்கவில்லை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 3 லட்சத்து 42 ஆயிரம் அவர்கள் செலவு. வாங்குகிறவருக்கு இப்படி ஒரு பாரம் இருப்பதை விற்கிறவர்களும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிங்கப்பூரில் இருக்கும் என் நாத்தனாரிடம் இதைச் சொன்னபோது சிரித்தார். அங்கே அரசு வீடமைப்பு வாரிய வீட்டைக் கைமாற்ற, வாரியம் மனுவை ஏற்ற நாளிலிருந்து சுமார் எட்டு வாரம்தானாம். காகிதம் எல்லாம் ஓரிடத்தில் இருக்கிறது. நம் வீடுகளில் அதை நாம்தான் சேர்த்து வைக்க வேண்டும்.

தோழிகளே, என் அனுபவத்தில் சொல்கிறேன். விற்கும் எண்ணமே இல்லாவிட்டாலும், இந்த வாரமே வீட்டுப் பீரோவைத் திறந்து பாருங்கள். பத்திரம் யார் பேரில், பட்டா யார் பேரில், கட்டட அனுமதி இருக்கிறதா? வில்லங்கத்தைப் பதிவுத்துறை இணையதளத்தில் கட்டணமில்லாமல் பார்க்கலாம். பட்டா, சிட்டாவையும் இணையத்தில் பார்க்கலாம். முன்பணத்தைத் தொடாதீர்கள். வாங்குகிறவர் கடன் வாங்குவதாக இருந்தால், என்னென்ன காகிதம் வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள். இன்னொரு நல்ல செய்தி: 2025 ஏப்ரல் 1 முதல், 10 லட்சம் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், "அடுத்து எங்கே இருக்கப் பிரியம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் அதை முதல் நாளே கேட்டிருந்தால் ஒரு வருஷமாவது மிச்சமாகியிருக்கும்.

பதிவு முடிந்த மறுநாள் அம்மாவைச் சேர்வராயன் கோயிலுக்குக் கூட்டிப் போனோம். மலை உச்சியில் குனிந்து போகிற அந்தக் குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். வெளியே வந்து, காற்றடிக்கிற அந்தப் பெரிய திடலில் உட்கார்ந்தோம். அம்மா அண்ணனுக்கும் எனக்கும் ஆளுக்கொரு ஆரஞ்சுப் பழம் கொடுத்தார். எங்கள் வீட்டு மரத்தில் கடைசியாகப் பறித்தது. கொஞ்சம் புளிப்புதான். இரண்டு பேரும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டோம்.

- சேலம் வாசகி