சிறு தொலைநோக்கி: முதலில் சீரமைப்பு, பிறகு துணைக்கருவி

பரவலாகக் கிடைக்கும் சிறு தொலைநோக்கிகளுள் ஒன்று, 114 மி.மீ. விட்டமும் 900 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட நியூட்டன் வகை. குழாயின் அடியிலுள்ள குழியாடி ஒளியைத் திரட்டி மேலே அனுப்புகிறது. வாயருகே சாய்வாகப் பொருத்திய சிறு சமதள ஆடி அதைப் பக்கவாட்டில் திருப்புகிறது. அங்கே செருகப்படும் ஐபீஸ் எனும் கண்ணருகு லென்ஸ் பிம்பத்தைப் பெரிதாக்கிக் காட்டுகிறது. இருட்டில் 7 மி.மீ. வரை விரியும் கண்மணியை விட இந்த ஆடி சுமார் 265 மடங்கு ஒளியைச் சேர்க்கும். ஆனால் இரண்டு ஆடிகளும் ஒழுங்காக நிற்காவிட்டால் சேர்த்த ஒளி கூர்மையாகக் குவியாது. அதனால், புதிதாக எதையும் வாங்கும் முன் கையிலிருக்கும் கருவியைச் சீரமைப்பதே முறை.

முதல் வேலையைப் பகலிலேயே முடிக்கலாம். குழாயின் மேலுள்ள ஃபைண்டர் என்ற குட்டித் தொலைநோக்கி, பெரிய குழாய் பார்க்கும் இடத்தையே பார்க்க வேண்டும். 25 மி.மீ. ஐபீஸைச் செருகி, ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள செல்போன் கோபுரத்தின் உச்சியையோ கோயில் கலசத்தையோ நடுவில் கொண்டுவர வேண்டும். பிறகு ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி, அதே உச்சியை அதன் குறுக்குக் கோடுகள் சந்திக்கும் இடத்தில் நிறுத்தினால் போதும். பிம்பம் தலைகீழாகத் தெரிவது பழுதன்று. சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் குழாயைத் திருப்பவே கூடாது.

அடுத்தது ஆடிகளை நேர்ப்படுத்துவது. ஐபீஸுக்குப் பதிலாக, நடுவில் சிறு துளையிட்ட மூடியைப் பொருத்தி அதன் வழியே பார்க்க வேண்டும். சமதள ஆடிக்குள் குழியாடி முழு வட்டமாகத் தெரியாவிட்டால், சமதள ஆடியின் பின்னுள்ள மூன்று திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்ப வேண்டும். வட்டம் முழுமையான பின், குழாயின் அடியிலுள்ள பூட்டுத் திருகுகளைத் தளர்த்தி, சமதள ஆடியின் நிழல் நடுவுக்கு வரும்வரை குழியாடியைச் சாய்க்க வேண்டும். இரவில் இதைச் சோதிக்க ஒரு நட்சத்திரம் போதும். அதை நடுவில் வைத்துக் குவியத்தைச் சற்றே விலக்கினால், புள்ளி வளையங்களாக விரியும். வளையங்கள் ஒருமையமாக இருந்தால் சீரமைப்பு சரி. ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அடித்திருகை மீண்டும் தொட வேண்டும். துருவ நட்சத்திரம் அதிகம் நகராது என்றாலும், தமிழகத்திலும் இலங்கையிலும் அது அடிவானத்தை ஒட்டிக் காற்றில் கலங்கித் தெரியும். உயரத்தில் உள்ள நட்சத்திரமே இங்கு நல்லது.

ஈக்வடோரியல் தாங்கியில் அமைந்த கருவி என்றால், அதன் முதன்மை அச்சு வடக்கு நோக்கி, இடத்தின் அட்சரேகை அளவுக்குச் சாய்ந்திருக்க வேண்டும். சென்னைக்கு இது 13 பாகை. மதுரைக்கு சுமார் 10. இப்படி வைத்தால், ஒரே குமிழைத் திருப்பி நகரும் நட்சத்திரத்தைத் தொடரலாம். எதிர் எடையை நகர்த்தி, பிடியைத் தளர்த்தினாலும் குழாய் நின்ற இடத்தில் நிற்கும்படி சமநிலைப்படுத்துவதும் அவசியம். வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த குழாய் வெளிக்காற்றின் வெப்பநிலைக்கு வர அரை மணி நேரம் ஆகும். பகல் வெயிலை வாங்கிய மொட்டை மாடி இரவில் வெப்பத்தை உமிழ்ந்து பிம்பத்தைக் கலக்கும். அதை விடப் புல்தரையே நல்லது.

இனி துணைக்கருவிகள். குவியத் தூரத்தை ஐபீஸின் அளவால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும்: 25 மி.மீ. ஐபீஸ் 36 மடங்கு, 10 மி.மீ. 90 மடங்கு. ஆடியின் விட்டத்தை மி.மீ. கணக்கில் எடுத்து இரட்டித்தால் வருவதே பயன்தரும் உச்சம். 114 மி.மீ. கருவிக்கு அது சுமார் 228 மடங்கு. 4 மி.மீ. ஐபீஸையும் 3 மடங்கு பார்லோ லென்ஸையும் சேர்த்தால் கணக்கில் 675 மடங்கு வரும். கண்ணுக்குத் தெரிவதோ மங்கலான கறை. பார்லோ என்பது ஐபீஸுக்கு முன் செருகும் குழிலென்ஸ். 2 மடங்கு பார்லோ ஒன்று வாங்கினால் 25, 10 மி.மீ. ஐபீஸ்கள் 12.5, 5 மி.மீ. ஐபீஸ்களாகவும் பயன்படும், இரண்டு ஐபீஸ்களால் நான்கு பெருக்கங்கள். அதனால் 12 மி.மீ. போன்ற, ஏற்கெனவே கிடைக்கும் பெருக்கத்தையே மறுபடி தரும் ஐபீஸை வாங்குவது வீண்.

கூடுதலாக ஒன்று வேண்டுமானால் 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸ் பொருந்தும். 28 மடங்கில் ஏறத்தாழ 1.8 பாகை அகல வானம் தெரியும். முழுநிலவின் அகலம் அரைப் பாகைதான். கார்த்திகைக் கூட்டம் அதில் முழுதாக அடங்கும். 4 மி.மீ. பிளாசலில் கண்ணை லென்ஸோடு ஒட்டிவைத்தாக வேண்டும். கண்ணாடி அணிவோருக்கு அது ஒத்துவராது. ஐபீஸின் கழுத்தளவு 31.7 மி.மீ. என்பதே இன்றைய வழக்கம். சில பழைய மலிவுக் கருவிகளில் 24.5 மி.மீ. என்பதால் அளந்தபின் வாங்க வேண்டும்.

நிலவின் கூசும் ஒளியைக் குறைக்க ஒரு நிலா வடிகட்டி உதவும். ஐபீஸில் திருகும் சூரிய வடிகட்டி மட்டும் ஆபத்தானது: குவிந்த வெப்பத்தில் அது உடைந்தால் பார்வையே போகும். சூரியனைப் பார்க்க, குழாயின் வாயை முழுதாக மூடும் தரமான வடிகட்டியே பாதுகாப்பு. அப்போது ஃபைண்டரையும் மூடிவைக்க வேண்டும்.

வரைபடம் பார்க்கச் சிவப்பு டார்ச் போதும். இருட்டுக்குப் பழகிய கண் அதனால் கெடாது. கடலோர ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். ஐபீஸ்களை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைப்பது நல்லது. ஆடியில் படியும் மெல்லிய தூசியைத் துடைக்காமல் விடலாம். தூசியை விடத் துணி இழுக்கும் கீறலே பெருங்கேடு.