காப்புரிமை முடிந்தது, பூச்சிமருந்து விலை இறங்கியது

‘கோராஜன் வாங்கப் போனேன். அதே மருந்துதான் என்று வேறு கம்பெனி பாட்டிலைக் குறைந்த விலைக்குத் தருகிறார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?’ நெல், மக்காச்சோளம், கரும்பு என்று எந்தப் பயிர் வைத்தவர்களும் நம்மிடம் கேட்கிற கேள்வி இது. பதில், காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

2022-23-ம் நிதியாண்டில் இந்தியக் காப்புரிமை அலுவலகத்துக்கு வந்த விண்ணப்பங்கள் 82,811. முன்வரிசையில் நிற்பவை குவால்காம், சாம்சங் போன்ற செல்போன் தொழில்நுட்ப நிறுவனங்கள். அது நம்மை நேரடியாகத் தொடுவதில்லை. ஆனால் பேயர், சின்ஜென்டா, பி.ஏ.எஸ்.எஃப்., எஃப்.எம்.சி. போன்ற நிறுவனங்களும் அங்கே விண்ணப்பம் போடுகின்றன. அந்தச் செலவு நம் வயலுக்குத்தான் வந்து சேரும்.

1970-ம் ஆண்டுச் சட்டத்தில் பூச்சிக்கொல்லிக்கும் ‘மருந்து’ என்றே பெயர். நம் ஊர்க்காரர்கள் சொல்வதும் அதைத்தானே! அந்தச் சட்டப்படி மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கிடையாது. தயாரிக்கும் முறைக்கு மட்டும், அதுவும் அதிகபட்சம் 7 ஆண்டுகள். வேறு முறையில் தயாரித்தால் யாரும் விற்கலாம். உலக வர்த்தக அமைப்பின் ஒப்பந்தத்துக்காக 2005-ல் சட்டம் மாறியது. இப்போது பொருளுக்கே காப்புரிமை உண்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டுகள். அதுவரை உரிமை பெற்றவர் வைத்ததுதான் விலை.

கோராஜனில் இருக்கும் மருந்தின் பெயர் குளோரான்ட்ரனிலிப்ரோல். டூபான்ட் நிறுவனம் கண்டுபிடித்தது, 2017-ல் எஃப்.எம்.சி. கைக்குப் போனது. தண்டு துளைப்பான், இலைச்சுருட்டுப்புழு, மக்காச்சோளப் படைப்புழு எல்லாவற்றுக்கும் கேட்கும் மருந்து என்பதால், விலை கூடுதல் என்று தெரிந்தும் வாங்கினோம். இதன் இந்தியப் பொருள் காப்புரிமை 2022 ஆகஸ்ட் 13-ல் முடிந்தது.

ஆனால் கதவு தானாகத் திறக்கவில்லை. தயாரிப்பு முறைக்கு வாங்கிய தனிக் காப்புரிமை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று எஃப்.எம்.சி. நீதிமன்றம் போனது. பெரிய நிறுவனங்கள் ஒரே மருந்துக்குப் பொருள், முறை, கலவை என்று அடுக்கடுக்காகக் காப்புரிமை வாங்கி வைப்பது வழக்கம். நாட்கோ நிறுவனமோ தன் தயாரிப்பு முறை வேறு என்றது. விற்பனைக்குத் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. நாட்கோவைத் தொடர்ந்து மற்ற நிறுவனங்களும் வர, விலை இறங்கியது. 20 ஆண்டு என்பதே நீளம். அதன் மேலும் இழுத்துப் பிடிக்க நினைப்பது நியாயமாகத் தெரியவில்லை.

ஆகவே, வேறு பெயரில் விற்பதாலேயே அது போலி அல்ல. லேபிளில் வணிகப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரையும் அளவையும் பாருங்கள்: குளோரான்ட்ரனிலிப்ரோல் 18.5% எஸ்.சி. என்று இருந்தால் கோராஜனில் உள்ள அதே சரக்கு. மத்தியப் பூச்சிக்கொல்லிப் பதிவு எண், தொகுதி எண், காலாவதி தேதி மூன்றும் இருக்க வேண்டும். பில் இல்லாமல் வாங்க வேண்டாம்; விலை இறங்கிய மருந்தில்தான் கலப்படமும் நுழையும். இன்னொன்று: இரண்டு பெயர்களில் ஒரே மருந்தை வாங்கி, மாற்றி மாற்றி அடிப்பதாக நினைக்காதீர்கள். புழு அதற்குப் பழகிவிடும். புளுபென்டியமைடும் இதே வகைதான்.

‘விதைக்கும் இப்படி வருமா?’ என்று கேட்பவர்களுக்கு: காப்புரிமைச் சட்டத்தின் 3(j) பிரிவு விதை, செடி, பயிர் ரகங்களுக்குக் காப்புரிமை தருவதில்லை. ரகங்களுக்கு 2001-ம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. பதிவு பெற்ற ரகமானாலும், விளைச்சலில் விதை எடுத்து வைக்கலாம், விதைக்கலாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். அந்த ரகத்தின் பெயரை அச்சிட்ட பையில் போட்டு விற்பது மட்டும் கூடாது.

புதிய விண்ணப்பங்கள் வெள்ளிக்கிழமைதோறும் காப்புரிமை அலுவலக இதழில் வெளியாகின்றன. இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். நம் ஊரில் காலங்காலமாகச் செய்துவரும் முறையை யாராவது தன் கண்டுபிடிப்பு என்று போட்டிருந்தால், காப்புரிமை வழங்கும் முன் எவரும் எழுத்து மூலம் எதிர்க்கலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை கிண்டியில் இருக்கிறது.