ஆய்வக உதவியாளர்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் போடிநாயக்கனூர். அவ்வூரிலிருந்து ஏலமலைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறும் சாலை, ஆயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலுள்ள போடிமெட்டை அடைகின்றது. உயரம் மிகுந்தால் காற்றின் அழுத்தம் குறையும்; அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும். கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீரின் கொதிநிலை, 300 மீட்டர் உயரத்திற்கு ஏறத்தாழ ஒரு பாகை வீதம் தாழ்கின்றது. ஆதலின், போடிமெட்டில் கொதிக்கும் நீரில் வெப்பமானியை வைத்தால் அது 97 பாகையையும் எட்டாது.

மலைமேல் இச்சோதனையைச் செய்யும் மாணவனுக்கு ஓர் ஐயம் எழும். இக்குறைவு மலையின் இயல்பா, கருவியின் பிழையா? கருவியை நம்பாதவன், கண்ட எண்ணை விடுத்து, நூலில் உள்ள 100 என்னும் எண்ணையே ஏட்டில் எழுதிவிடுவான். கண்டதைக் கண்டவாறு உரைக்கும் வாய்மை அங்கே கெடும்.

இவ்வையத்தை முன்னரே களைபவர் ஆய்வக உதவியாளர். வகுப்புத் தொடங்குமுன் அவர் வெப்பமானியை உருகும் பனிக்கட்டியில் வைத்து, அது சுழியத்தைக் காட்டுகின்றதா எனப் பார்ப்பார். பல வெப்பமானிகளை ஒரே நீரில் இட்டு ஒப்பிடுவார், பிறழ்ந்ததை விலக்குவார். குப்பிகளுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டுவார். கந்தக அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, நீரில் அமிலத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார். மாறாக, அமிலத்தில் நீரை ஊற்றினால் வெப்பம் மிகுந்து அமிலம் தெறிக்கும். ஒரு துளி தெறிப்பினும் கண்ணொளி கெடும். ஆசிரியர் அறிவை விளக்குகின்றார். உதவியாளரோ அவ்விளக்கம் பொய்க்காமலும், பயில்வோர்க்குத் தீங்கு நேராமலும் காக்கின்றார்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் இப்பணியாளரைத் தெரிந்தெடுக்க 2015ஆம் ஆண்டில் எழுத்துத் தேர்வு நடைபெற்றது. இப்பணியைச் சிறிதென எண்ணுதல் தவறு. நூல் கட்டும் தொழில் பயின்ற மைக்கேல் பாரடே, 1813இல் இலண்டன் இராயல் நிறுவனத்தில் ஆய்வக உதவியாளராகவே சேர்ந்தார். 1831இல் மின்காந்தத் தூண்டலைக் கண்டறிந்தார். சர் சி. வி. இராமன் கல்கத்தாவில் நிகழ்த்திய ஆய்வுகளுக்கு ஆசுதோஷ் தே என்னும் உதவியாளர் பல்லாண்டு துணைநின்றார்.

மாணவர்க்கும் கடமை உண்டு. எடுத்த கருவியைத் தூய்மை செய்து உரிய இடத்தில் வைத்தல் வேண்டும். கை தவறி உடைந்ததை மறைக்காமல் உரைத்தல் வேண்டும்; மறைத்த விரிசல் அடுத்து வருவோனின் கையைக் கிழிக்கும். எல்லாவற்றினும் மேலாக, வெப்பமானி 96 எனக் காட்டினால் 96 என்றே எழுதுதல் வேண்டும். கருவியைச் செம்மை செய்து தந்தவரின் உழைப்புக்கு அதுவே தக்க கைம்மாறாகும்.